மேகசினின் வாயைப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதுங்கள்

அருங்காட்சியகங்களிலும், காவல்துறை, படைப்பிரிவுக் காட்சிக்கூடங்களிலும், கல்லூரி வரலாற்றுத் துறைகளிலும் பழைய படைக்கலங்களைப் பதிவேட்டில் ஏற்றும் நண்பர்களுக்கு,



முனைவரை மரம் போர்த்திய, மூக்கு மழுங்கிய ஒரு நீளத் துப்பாக்கியைக் கண்டால் நம் ஊரில் யாரும் யோசிக்காமல் ‘த்ரீ நாட் த்ரீ’ என்றுதான் சொல்வார்கள். காவல் நிலைய வாசலில் பாரா நின்றவர் தோளில் அதுதான் தொங்கியது. கருவூலத்துக்குக் காவல் போனவர் கையிலும், தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு வந்தவர் கையிலும் அதுவே இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டின் குடியரசு நாளில்தான் அதற்கு முறைப்படி விடைகொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ணுக்குப் பழகிய உருவம் என்பதால், அந்த உருவத்தில் எது வந்தாலும் பதிவேட்டில் அதே பெயர் ஏறிவிடுகிறது. இம்மடல் எழுதப்படுவது அந்த ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்லித்தான்.

துப்பாக்கியின் விசைக்கு முன்னால், அடியில் தொங்கும் மேகசின் என்ற இரும்புப் பெட்டியை ஒரு நிமிடம் பாருங்கள். அதன் அடிப்பாகம் சரிவாக இருந்தால், பத்துத் தோட்டா கொள்ளும் .303 மேகசின் என்று நம்பிக்கையோடு மேலே போகலாம். அடிப்பாகம் தட்டையாக, பெட்டி முழுவதும் சதுரப்பாங்காக, சற்றே பெரிதாக இருந்தால் நின்றுவிட வேண்டும். கையில் இருப்பது த்ரீ நாட் த்ரீயாக இல்லாமல், ‘ரைபிள் 7.62 மி.மீ. 2ஏ’ அல்லது ‘2ஏ1’ ஆக இருக்க வாய்ப்பு மிகுதி. பன்னிரண்டு தோட்டா கொள்ளும் அந்தச் சதுர மேகசின், த்ரீ நாட் த்ரீ சேர்ந்த லீ-என்ஃபீல்டு குடும்பத்தில் தனித்துத் தெரிகிற ஒன்று. பத்துத் தோட்டா மேகசினோடும் சில 2ஏ1 துப்பாக்கிகள் கிடைத்திருக்கின்றன என்பதால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். வடிவம்தான் முதல் சாட்சி.

இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால், பெயர்ப்பலகையில் நேரும் ஒரு சின்னப் பிழை எவ்வளவு வரலாற்றை அழிக்கிறது என்பது விளங்கும். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் இஷாப்பூர் இருக்கிறது. அங்கே 1904இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை ஆங்கிலேயர் காலம் முழுவதும் .303 லீ-என்ஃபீல்டுகளைச் செய்து தள்ளியது. விடுதலைக்குப் பிறகும் அதே துப்பாக்கி, அதே தோட்டா. பிறகு 1962 அக்டோபர் 20 அன்று சீனப் போர் மூண்டது. இமயத்தின் பனிமேட்டில் நின்ற இந்தியச் சிப்பாய் ஒவ்வொரு சூட்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. எதிரே வந்தவர்களிடம் அரைத்தானியங்கி, தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன. ஒரு மாதத்தில் போர் ஓய்ந்தது. தோட்டாவிலிருந்தே தொடங்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற முடிவு உறுதிப்பட்டது.

மேற்கு நாடுகள் 1954இலேயே 7.62×51 என்ற தோட்டாவைப் பொதுவாக ஏற்றிருந்தன. ‘நேட்டோ தோட்டா’ என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். இந்தியாவும் அதற்கு மாறியது. பெல்ஜியத்து எஃப்ஏஎல் வழிவந்த எஸ்எல்ஆர் துப்பாக்கியை ‘1ஏ’ என்ற பெயரில் இஷாப்பூர் செய்யத் தொடங்கியது. அதோடு நிற்காமல், கைக்குப் பழகிய பழைய லீ-என்ஃபீல்டின் உடலுக்குள்ளேயே இந்தப் புதிய தோட்டாவை ஏற்றும் ஒரு துப்பாக்கியையும் வடிவமைத்தார்கள். வெளித்தோற்றம் பழைய மூன்றாம் மார்க் .303 துப்பாக்கியினுடையது. உள்ளே, கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் மேம்பட்ட எஃகு. தோள்கட்டையின் அடித்தகடு எஸ்எல்ஆரிலிருந்து வந்தது. மேகசின் முற்றிலும் புதியது. முதலில் வந்த 2ஏ-இல் குறிபார்க்கும் தகடு 2000 வரை எண் காட்டியது. அடுத்து வந்த 2ஏ1-இல் அதை 800 மீட்டர் என்று நடைமுறைக்கு ஏற்பக் குறைத்தார்கள். வழக்கமான காலாட்படைப் பயன்பாட்டுக்கென்று உலகில் வடிவமைக்கப்பட்ட கடைசி ‘போல்ட்’ துப்பாக்கிகளில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. ஒரு தேசம் ஒரு தோல்விக்குப் பிறகு தன் பட்டறைகளில் என்ன செய்தது என்பதற்கு நேர்சாட்சியான அப்படிப்பட்ட பொருளின் கீழே ‘.303, பிரிட்டிஷ் காலம்’ என்று எழுதினால், அந்தச் சில ஆண்டுகளே காட்சியிலிருந்து காணாமல் போய்விடுகின்றன.

இன்னொரு பிழையும் பரவலாக உண்டு. பழைய .303 துப்பாக்கிகளில் குழாயை மட்டும் மாற்றி 2ஏ1 ஆக்கினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. அவை புதிதாகவே செய்யப்பட்டவை. முன்கட்டையின் குறுக்கே போகும் வலுவூட்டும் திருகைப் பார்த்து ‘இது 2ஏ1’ என்று முடிவுகட்டுவோரும் இருக்கிறார்கள். இஷாப்பூர் அந்தத் திருகைத் தன் .303 துப்பாக்கிகளிலும் போட்டது. ஆகவே அது தொழிற்சாலையைச் சொல்லுமே தவிர, தோட்டாவைச் சொல்லாது. தோட்டாவைச் சொல்வது மேகசின்தான்.

ஏன் மேகசினுக்கு அவ்வளவு நம்பகம்? துப்பாக்கியின் மற்ற பாகங்களெல்லாம் சிப்பாயின் கைக்கும் கண்ணுக்கும் தோளுக்கும் ஏற்ப அமைந்தவை. மேகசின் ஒன்று மட்டும் முழுக்க முழுக்கத் தோட்டாவுக்காக வளைந்தது. தோட்டாவின் நீளம், பருமன், சரிவு, விளிம்பு நான்கும் அந்த இரும்புத் தகட்டில் பதிந்திருக்கின்றன. துப்பாக்கியே இல்லாமல் மேகசின் மட்டும் கிடைத்தாலும் அதிலிருந்து தோட்டாவைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியும்.

வளைவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் கண்ணில் முதலில் படுவது. வட்டக் கிணறு கட்டும் கொத்தனார் ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய செங்கற்களை அடுக்குவார். அடுக்க அடுக்க வரிசை தானாக வளையும். அடி பருத்து முன்புறம் சிறுத்த தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் அதேதான் நடக்கும். ஏகே-47 சுடும் 7.62×39 தோட்டாவின் உறை அடியில் 11.35 மி.மீ., தோளருகே 10.07 மி.மீ. வேறுபாடு ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் மேல். முப்பது தோட்டா அடுக்கினால் உலகமே அடையாளம் காணும் அந்த வாழைப்பழ வளைவு வந்துவிடுகிறது. நேட்டோ 7.62×51 தோட்டாவில் அடி 11.94, தோள் 11.53. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால்தான் எஸ்எல்ஆரின் இருபது தோட்டா மேகசின் நேராகவே நிற்கிறது. பெயரில் இரண்டும் ‘7.62’. மேகசினைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துவிடும்.

விளிம்பு சேர்ந்தால் வளைவு இன்னும் கூடும். .303 தோட்டாவின் அடியில் ஒரு தட்டையான விளிம்பு உடலைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விட்டம் 13.7 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு அப்படி நீட்டல் கிடையாது. பள்ளம் வெட்டிய அடி, 12 மி.மீ. விளிம்புள்ள தோட்டாக்களை அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னால் இருக்க வேண்டும். மாறிப்போனால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேகசின் மக்கர் செய்யும். மேலிருந்து மாட்டும் பிரென் இயந்திரத் துப்பாக்கியின் முப்பது தோட்டா மேகசின் அவ்வளவு வளைந்திருப்பது இந்த விளிம்பாலும் சரிவாலும்தான். அதே பிரென்னை பிரிட்டன் பின்னாளில் நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியபோது மேகசினின் வளைவு பெருமளவு குறைந்துபோனது. ஒரே துப்பாக்கி, தோட்டா மாறியதும் மேகசின் நிமிர்ந்துவிட்டது.

இதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு முதல் உலகப் போரில் பிரான்ஸ் செய்த ஷோஷா என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி. பிரான்சின் 8 மி.மீ. லெபெல் தோட்டா மிகையாகச் சரிந்தது. விளிம்பு 16 மி.மீ. இருபது தோட்டா அடுக்கியதும் மேகசின் அரைவட்டமாகவே ஆகிவிட்டது. உள்ளே எத்தனை மிச்சம் என்று பார்க்க அதன் பக்கவாட்டில் பெரிய திறப்புகளும் வைத்தார்கள். பதுங்குகுழிச் சேறு அந்த வழியாகவே உள்ளே போய்த் துப்பாக்கியை முடக்கியது. அமெரிக்கப் படைக்காக அதே துப்பாக்கியை .30-06 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தபோது மேகசின் பதினாறு தோட்டா கொள்ளும் நேர்ப்பெட்டியானது. அரைவட்டமும் நேர்ப்பெட்டியும் ஒரே மேசையில் இருந்தால், இரண்டும் ஒரே துப்பாக்கிக் குடும்பம் என்று சொன்னால் நம்புவது கடினம். பெயர்ப்பலகை எழுதுபவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

இனி அளவுகோல். வெர்னியர் காலிப்பர் ஒன்றும் கைவிளக்கு ஒன்றும் போதும்.

முதலில் மேகசினின் வாயில், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையிலான உள்நீளம். இது தோட்டாவின் முழு நீளத்துக்கு ஒரு மேல்வரம்பைத் தரும். .303-இன் முழு நீளம் ஏறத்தாழ 78 மி.மீ.; நேட்டோ 7.62 ஏறத்தாழ 71, அமெரிக்க .30-06 ஏறத்தாழ 85. உள்நீளம் 75 மி.மீ. என்றால் .303 அங்கே இருந்திருக்கவே முடியாது. ஆனால் மறுதலை செல்லாது. பழைய துப்பாக்கியின் சட்டகத்தைத் தழுவிச் செய்தவற்றில், தோட்டா குட்டையாக இருந்தும் பெட்டி நீளமாக இருக்கக்கூடும். ஆகவே நீளம் ‘எது இல்லை’ என்று மட்டுமே உறுதியாகச் சொல்லும். அதிலும் சில ஜோடிகள் மயக்கும். 7.62×39 தோட்டா 56 மி.மீ. நீளம், உருவத்தில் அதோடு சற்றும் ஒட்டாத 5.56×45 தோட்டா 57.4 மி.மீ. ரஷ்ய 7.62×54 விளிம்புத் தோட்டா 77, நம் .303 அதைவிட ஒரு மில்லிமீட்டர்தான் கூடுதல்.

அந்த மயக்கத்தைத் தீர்ப்பது அகலம். பெரும்பாலான ராணுவ மேகசின்களில் தோட்டாக்கள் இடமும் வலமுமாகப் படிக்கட்டுப்போல் இரண்டு வரிசையாக அமரும். பக்கத்துத் தோட்டாக்களின் மையங்களை இணைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், உள்ளகலம் தோட்டா விட்டத்தைப்போல் 1.866 மடங்கு வர வேண்டும். எளிய வடிவகணிதம்தான். 5.56 தோட்டாவுக்கு இது ஏறத்தாழ 18 மி.மீ., 7.62×39-க்கு 21, நேட்டோ 7.62-க்கு 22-க்குச் சற்று மேல். தோட்டா சிக்காமல் நகரக் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வேறுபடாத ஏகே தோட்டாவும் 5.56-உம் அகலத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இந்த இரண்டு குடும்பத்திலும் வேலை செய்திருக்கிறது. ஏகே பாணியிலான திருச்சி அசால்ட் ரைபிளுக்கு 7.62×39, இன்சாஸ் துப்பாக்கிக்கு 5.56×45. இன்சாஸின் மேகசினோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். துப்பாக்கிக்கு இருபது, இலகு இயந்திரத் துப்பாக்கி வடிவத்துக்கு முப்பது. கார்கில் குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் கண்டதாகச் செய்திகள் வந்தன. விரிசல் விட்ட ஒரு மேகசின் காட்சிக்கு வந்தால் ஒட்டிச் சரிசெய்துவிடாதீர்கள். அந்த விரிசலும் வரலாறுதான்.

மேலே உள்ள இரண்டு மடிப்புகளையும் உதடு என்றே தொழிலில் சொல்வார்கள். தோட்டா துள்ளி வெளியேறாமல் பிடித்திருப்பது அதுதான். உதடு ஒரே ஒரு தோட்டாவை நடுவில் விடுகிறதா, இடமும் வலமும் மாற்றி மாற்றி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் எல்42ஏ1 என்ற குறிசுடும் துப்பாக்கியில் உதடு இன்னொரு வேலையும் செய்தது. இரண்டாம் உலகப் போர்க்கால லீ-என்ஃபீல்டுகளை 1970 வாக்கில் நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி உருவாக்கிய துப்பாக்கி அது. அதன் பத்துத் தோட்டா மேகசினின் இடப்பின் உதட்டில் கெட்டிப்படுத்திய ஒரு மேடு உண்டு. சுட்டு முடிந்த வெற்று உறையைத் தட்டி வெளியே எறிவது அந்த மேடுதான். துப்பாக்கியின் உடலில் இருக்க வேண்டிய பாகத்தை மேகசினில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நம் 2ஏ1-உம் அந்த எல்42ஏ1-உம் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஒரே தோட்டாவைச் சுடுபவை. இடப்பின் உதட்டை விரலால் தடவிப் பார்த்தால் பிரிட்டிஷ் மேகசின் அந்த மேட்டால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் குடும்பத்தின் தொடக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879இல் கழற்றி மாட்டும் பெட்டி மேகசினுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய லீ-மெட்ஃபோர்டு 1888இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தபோது மேகசின் எட்டுத் தோட்டா கொள்ளும் ஒற்றை வரிசை. பின்வந்த இரண்டாம் மார்க்கில் அது இரட்டை வரிசையாகிப் பத்தானது. கழற்ற முடிந்த அந்த மேகசின் தொலைந்துவிடக் கூடாதென்று சிறு சங்கிலிக் கண்ணியால் துப்பாக்கியோடு கட்டியே வைத்தார்கள். ஒரு பழைய .303 மேகசினில் அந்தக் கண்ணி மாட்டும் சிறு வளையம் தென்பட்டால், அது நம் காவல்நிலையத் துப்பாக்கிக்கு ஒரு தலைமுறை மூத்ததாக இருக்கலாம்.

இந்தியப் படைக்கலச் சேகரிப்புகளில் மட்டுமே அடிக்கடி எதிர்ப்படக்கூடிய ஒரு விந்தையும் உண்டு. மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும். யாரோ பிற்காலத்தில் காட்சிக்காக அடைத்தது என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். காவல்துறைக்கும் காவலாளிகளுக்கும் கொடுப்பதற்காக .303 துப்பாக்கிகளின் குழாயை வழவழப்பாக்கி, .410 என்ற தனிவகைத் தோட்டாவை ஒவ்வொன்றாகச் சுடும் மஸ்கெட்டாக இஷாப்பூர் மாற்றியது. அந்தத் தோட்டா .303 உறையின் கழுத்தை ஒடுக்காமல் நேராக விட்டதுபோன்றது. மேகசின் தேவைப்படாததால், இன்னும் சொன்னால் இருக்கக் கூடாது என்பதால், அந்த மரக்கட்டை. கலவரம் வந்தால் ஆயுதம் கைமாறிவிடுமோ என்று காலனிய அதிகாரிகளுக்கு இருந்த அச்சம் அந்தக் கட்டையில் தெரிகிறது. பதிவேட்டில் ‘மேகசின் இல்லை’ என்று எழுதுவது போதாது. ‘மேகசின் இடம் மரக்கட்டையால் அடைக்கப்பட்டது, .410 மஸ்கெட்’ என்று எழுதுவதுதான் சரி.

வடகிழக்கில் பணியாற்றுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1944இல் இம்பாலிலும் கொஹிமாவிலும் இரண்டு படைகள் மோதிய மண்ணில் இன்னமும் இரும்பு கிளம்பிக்கொண்டிருக்கிறது. வளைந்த, முப்பது தோட்டா கொள்ளும், துப்பாக்கியின் மேலே மாட்டும் மேகசின் ஒன்று துருவேறிக் கிடைத்தால் ‘பிரென்’ என்று எழுதக் கை துடிக்கும். ஜப்பானியரின் 96ஆம் வகை, 99ஆம் வகை இலகு இயந்திரத் துப்பாக்கிகளும் அப்படியே மேலிருந்து மாட்டும் வளைந்த முப்பது தோட்டா மேகசினைத்தான் கொண்டவை. முன்னது 6.5 மி.மீ., அரைவிளிம்புத் தோட்டா, வளைவு கூடுதல். பின்னது விளிம்பில்லாத 7.7 மி.மீ., வளைவு குறைவு. பிரிட்டனின் .303-உம் ஜப்பானின் 7.7-உம் குண்டின் பருமனில் நெருக்கமானவை என்பதால் குழாய் விட்டத்தை மட்டும் கேட்டால் குழப்பமே மிஞ்சும். மேகசினின் வாயில், .303-இன் அகன்ற விளிம்புக்கு இடம்விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மேகசின் வட்டத் தட்டாகவும் வரும். முதல் உலகப் போரின் லூயிஸ் துப்பாக்கிக்குத் தட்டில் 47 தோட்டா. சோவியத்தின் டிபி துப்பாக்கிக்கும் தட்டில் 47 தோட்டா. எண்ணைச் சொல்லிப் பிரிக்க முடியாத இரண்டையும் உள்ளே இருக்கும் சுருள்வில் பிரித்துவிடும். லூயிஸ் தட்டைத் துப்பாக்கியே பல்பிடித்துச் சுழற்றும், ஆகவே தட்டுக்குள் வில் கிடையாது. டிபி தட்டுக்குள் வில் உண்டு. முன்னது .303, பின்னது 7.62×54.

தோட்டா ஒன்றாக இருந்தும் மேகசின் பொருந்தாத கதைகளும் இருக்கின்றன. எஃப்ஏஎல் குடும்பத்தில் பெல்ஜிய வழி மீட்டர் அளவு, பிரிட்டன் உள்ளிட்ட காமன்வெல்த் வழி அங்குல அளவு என்று இரண்டு கிளைகள். மீட்டர் மேகசினின் முன்முகத்தில் தகட்டிலேயே தட்டியெடுத்த சிறு புடைப்பு இருக்கும்; அங்குல மேகசினில் பற்றவைத்த பெரிய கொக்கி. அங்குல மேகசின் மீட்டர் துப்பாக்கியில் நுழையாது. சோவியத்தின் எஸ்விடி (SVD) துப்பாக்கியும் ருமேனியாவின் பிஎஸ்எல்-உம் பார்க்க அண்ணன் தம்பி, இரண்டும் 7.62×54 சுடுபவை, இரண்டுக்கும் பத்துத் தோட்டா. மேகசின்கள் மாற்றிப் பொருந்தா. பிஎஸ்எல் மேகசினின் பக்கத்தில் பெருக்கல் குறி வடிவில் அழுத்திய புடைப்பு. எஸ்விடி-யில் கட்டம் கட்டமான வலுவூட்டல். ஆகவே ‘எந்தத் தோட்டா’ என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் ‘எந்தத் துப்பாக்கி’ என்பதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதைச் சொல்வது கொக்கியும் புடைப்பும்தான்.

தோட்டா மாறிப்போகும் குழப்பத்துக்குப் படைகளே அஞ்சியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் உள்நாட்டுக் காவல் படைக்கு அமெரிக்கத் துப்பாக்கிகள் வந்தன; .30-06 சுடுபவை. கையில் ஏற்கெனவே .303. தோட்டா மாறிவிடாமலிருக்க அமெரிக்கத் துப்பாக்கிகளின் முன்கட்டையைச் சுற்றிச் சிவப்புப் பட்டை அடித்தார்கள். அப்படியொரு பட்டையோடு துப்பாக்கி உங்களிடம் வந்தால், சாயம் உரிகிறது என்று துடைத்துவிடாதீர்கள்.

துடைப்பது பற்றிப் பேச்சு வந்ததால்: கம்பித் தூரிகை இந்த வேலையின் முதல் எதிரி. மேகசினில் தொழிற்சாலை முத்திரையும் ஆண்டும் மெல்லிய வெட்டாகவே இருக்கும். மேலே பூசிய கறுப்புச் சாயம் அதைப் பாதி மறைத்திருக்கும். கைவிளக்கைத் தாழப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் நிழலில் எழுத்து எழும்பும். அதைப் படமெடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். இஷாப்பூரின் துப்பாக்கிகளில் விடுதலைக்கு முந்தைய கிரீடமும், பிந்தைய அசோகச் சிங்கமும் காலத்தைச் சொல்லும். முத்திரையை நம்பலாம், ஆனால் மேகசின் கழன்று மாறும் பாகம் என்பதை மறக்க வேண்டாம். சேமிப்புக் கிடங்கில் எத்தனையோ கை மாறியிருக்கும். துப்பாக்கியின் ஆண்டும் மேகசினின் ஆண்டும் தனித்தனியே பதியப்பட வேண்டும்.

பொருந்துகிறதா என்று பார்க்க உண்மைத் தோட்டாவை எடுத்து மேகசினில் நுழைத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். எண்பது ஆண்டு பழைய தோட்டாவும் உயிரோடு இருக்கலாம். உள்ளே தோட்டா சிக்கிய மேகசின் மண்ணிலிருந்து வந்தால் அதைத் தொடாமல் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. வெறும் இரும்புப் பெட்டிதானே என்று யாராவது மேகசினை நன்கொடையாகக் கொடுத்தால், ரசீதோடு சட்டப்படியான ஒப்புதலும் தேவை. இது உங்களையும் கொடுத்தவரையும் காக்கும்.

பதிவேட்டில் ஒரு 2ஏ1 மேகசினுக்கு எழுதப்படும் வரி இப்படி இருக்கலாம்: ‘எஃகுப் பெட்டி மேகசின், அடி தட்டை, சதுர வடிவம், இரட்டை வரிசை, பன்னிரண்டு தோட்டா, உள்நீளம் இவ்வளவு, உள்ளகலம் இவ்வளவு, தோட்டா 7.62×51, துப்பாக்கி இஷாப்பூர் 2ஏ அல்லது 2ஏ1, முத்திரை படம் எண் இது.’ முடிவுக்கு வர முடியாதபோது அளவுகளை எழுதிவிட்டுத் துப்பாக்கிப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடுவது நேர்மை. பத்தாண்டு கழித்து வேறொருவர் அந்த அளவுகளைக் கொண்டே பெயர் சொல்லிவிட முடியும். தவறாக எழுதிய பெயரிலிருந்து யாராலும் அளவை மீட்க முடியாது.

நான்கு படங்கள் எடுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, முன்முகம் ஒன்று, பின்முகம் ஒன்று, வாயை நேர்மேலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் மில்லிமீட்டர் அளவுகோல் அருகே கிடக்கட்டும். நம் பதிவேடுகள் பலவற்றில் பக்கவாட்டுப் படம் மட்டும்தான் இருக்கிறது. தோட்டாவைச் சொல்லும் வாய் அதில் தெரிவதேயில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பதிவேட்டில் ‘.303’ என்று தொடங்கும் பதிவுகளை இந்த ஆண்டில் ஒருமுறை மீண்டும் திறந்து பாருங்கள். அவற்றில் மேகசின் சதுரமாக இருப்பவற்றைத் தனியே எடுத்து அளந்து பாருங்கள். பெயர் மாற வேண்டியிருந்தால் பழைய பெயரை அடித்து அழிக்காமல், அதன் கீழே தேதியிட்டுப் புதிய பெயரை எழுதுங்கள். இஷாப்பூரின் சதுர மேகசின்கள் எந்தெந்த ஊர்ச் சேகரிப்புகளில் இருக்கின்றன என்று நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டால், அந்தத் துப்பாக்கி எந்தெந்தப் படைக்குப் போனது என்ற கேள்விக்கு ஒரு விடையை உங்கள் பதிவேடுகளால் தர முடியும்.

அன்புடன்,
படைக்கல வரலாற்றில் அக்கறையுள்ள ஒரு வாசகர்